அண்ணி சொல்லாத நிறுத்தம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவர் அண்ணியின் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு சின்ன முடிச்சுகள் விழுந்திருக்கின்றன, பத்து நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். கிசுகிசுப்பது இன்னும் மோசம், அதுவும் கூடாது. அதே வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு, நகரப் பேருந்து நிறுவனத்தின் மேலாளர் அண்ணியின் கொழுந்தனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை முதல் வண்டியில் புது நிறுத்தத்தின் பெயரை அண்ணி சொல்லியாக வேண்டும் என்றார்.

கொழுந்தனுக்கு அலுவலகத்தில் 'நிமிஷம்' என்று பெயர். கால அட்டவணைப் பிரிவில் வேலை. யார் எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்றுதான் வாயைத் திறப்பான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணி அதே நிறுவனத்தில் பயணிகள் புகார்ப் பிரிவில் இருந்தாள். முகம் சிவக்க உள்ளே வரும் பயணிகள்கூட அவள் இரண்டு வாக்கியம் பேசியதும் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான்கு வருடங்களுக்கு முன் பேருந்துகளில் நிறுத்தங்களை அறிவிக்கும் பெட்டிகளைப் பொருத்தியபோது, வெளியாளைத் தேடுவானேன் என்று அவள் குரலையே பதிவு செய்தார்கள். அன்றிலிருந்து பதினாலாம் எண் தடத்தின் நாற்பத்தோரு நிறுத்தங்களையும் அவள்தான் சொல்லி வருகிறாள். காய்கறிக் கடையில் அவள் "அரை கிலோ வெங்காயம்" என்றால், பக்கத்தில் நிற்பவர் தன்னையறியாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தயாராவார்.

"சார், அண்ணிக்குத் தொண்டை சரியில்ல" என்றான் நிமிஷம்.

"தெரியும். லீவு லெட்டர் என் மேஜையிலதான் இருக்கு."

"அப்ப வேற யாரையாவது பேச வைக்கலாமே."

"போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. சாலை வேலைக்காக ஒரு மாதத்துக்குத் தற்காலிக நிறுத்தம் ஒன்று போட்டபோது, அவசரத்துக்கு மேலாளரே தன் குரலைப் பதிவு செய்து கொடுத்தார். வரிசையாகப் பெண் குரலைக் கேட்டுக்கொண்டு வந்த பயணிகள், திடீரென்று ஒரு ஆண் கனைத்துவிட்டுப் பேசியதும் வண்டி பழுதாகிவிட்டது என்று பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர், டிக்கெட் பரிசோதகர் ஏறிவிட்டார் என்று நினைத்துப் பின்வாசல் வழியாக ஓடினார்.

"பழைய பதிவெல்லாம் உன்கிட்டதானே இருக்கு? அதுலருந்து வெட்டி ஒட்டி ஏதாவது பண்ணு."

"எனக்கு அந்த வேலை தெரியாதே சார்."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ரெக்கார்டிங் பட்டனை அமுக்கினது யாரு?"

"நான்தான். ஆனா அமுக்கினதோட சரி."

"அதுக்கு மேல தெரிஞ்ச ஆளு இந்தக் கட்டடத்துல கிடையாது. போ."

புது நிறுத்தத்தின் பெயர் 'நூலக வாசல்'. அந்த நிறுத்தத்தைக் கேட்டு வாங்கியது அதே அலுவலகத்தின் தொலைபேசி இயக்குநர். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நகர நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அங்கே தொட்டுப் படிக்கும் புத்தகங்களுக்கென்று ஒரு தளமே திறந்தார்கள். ஆனால் பேருந்து அதைத் தாண்டிப் போய் ஆலை வாசலில்தான் நிற்கும். இறங்கி, இரண்டு பெரிய சாலைகளைக் கடந்து, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். எட்டு மாதம் விடாமல் மனுக் கொடுத்து அவர் அந்த நிறுத்தத்தை வாங்கினார். பெட்டி பெயரைச் சொல்லாவிட்டால் அவருக்கு அங்கே நிறுத்தம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலிருந்தும் ஒன்றுதான்.

"ஓட்டுநர்கிட்ட சொன்னா இறக்கி விடுவாரே அக்கா" என்று நிமிஷம் கேட்டுப் பார்த்தான்.

"விடுவாரு. அவருக்கு ஞாபகம் இருந்தா விடுவாரு. எல்லாரும் அவங்கவங்க காதை நம்பி இறங்கறப்ப நான் மட்டும் ஏன் தம்பி இன்னொருத்தர் ஞாபகத்தை நம்பி உட்கார்ந்திருக்கணும்?"

அவன் தலையாட்டினான். வேலையை ஒப்புக்கொண்டான்.

அன்று பிற்பகல் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித் தொகுப்பு மென்பொருள் ஒன்றை இறக்கி, அண்ணியின் பழைய பதிவு ஒன்றைத் திறந்தான். திரையில் நீலக் கம்பளிப்பூச்சிகள் வரிசையாக ஊர்ந்து போவதுபோல் ஒரு படம் விரிந்தது. அவள் பேசும் இடத்தில் பூச்சி தடித்தது, பேசாத இடத்தில் மெல்லிய கோடாக இளைத்தது. ஓடவிட்டுப் பார்த்தான். "அடுத்த நிறுத்தம்" ஒரு பெரிய பூச்சி, ஒரு கோடு, பிறகு "நூறடிச் சாலை" என்று இன்னொரு பூச்சி. பேச்சைக் கண்ணால் பார்க்க முடியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில், ஒலியே வராமல் பார்த்தே இது இருமல், இது நாற்காலி நகர்ந்த சத்தம் என்று சொல்ல ஆரம்பித்தான். ஒரு இருமலைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து அழித்தான். இரண்டு பக்கமும் இருந்த பேச்சு தானாக நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. இருமலே நடக்காததுபோல் அண்ணி சிரித்துக்கொண்டே பேசிப் போனாள். உலகத்தில் இவ்வளவு சுலபமான வேலை இருக்கிறதா என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அந்த எண்ணம் போனது.

திட்டம் எளிது. "நூ" வேண்டும், "நூறடிச் சாலை"யில் இருக்கிறது. "ல" வேண்டும், "பெரிய பாலம்" நிறுத்தத்தில் இருக்கிறது. "க" வேண்டும், "கடைத்தெரு"வில் இருக்கிறது. "வாசல்" முழுசாகவே "ஆலை வாசல்" நிறுத்தத்தில் கிடைக்கிறது. நான்கையும் வெட்டி வரிசையாக ஒட்டினான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டான். காதில் விழுந்தது அண்ணியின் குரல்தான், ஆனால் விக்கல் எடுத்தபடி ஓட்டைப் பாலத்தில் ஓடும் அண்ணியின் குரல்.

தொலைபேசி அறைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் இயக்குநரிடம் கேட்கக் கொடுத்தான். அவர் தலையைச் சாய்த்து இரண்டு முறை கேட்டார்.

"நூலக்கவாசல்னா யாரு தம்பி? ஏதோ வெளிநாட்டு மந்திரி பேரு மாதிரி இருக்கு."

"நூலக வாசல்க்கா."

"இல்ல. நீ வச்சிருக்கிறது கடைக்குள்ள இருக்கிற க. கல்லு, கதவு, கடை, எல்லாத்துலயும் முதல்ல வர்ற க. அது பூட்ஸ் போட்ட க. நூலகத்துல வர்றது செருப்பைக் கழட்டி வச்சிட்டு மெதுவா நடக்கிற க. சொல்லிப் பாரு."

அவன் சொல்லிப் பார்த்தான். கடை. நூலகம். கடை. நூலகம். எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. முப்பத்திரண்டு வயது வரை தன் வாய் தன்னைக் கேட்காமலே இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது என்பது அவனுக்கு வியப்பாக இருந்தது.

"இன்னொண்ணு. இதுல மூணு இடம் இருக்கு" என்றார் இயக்குநர்.

"மூணு இடமா?"

"நூ வர்றப்ப பின்னால ஏசி ஓடுது. ல வர்றப்ப ஓடல. வாசல் வர்றப்ப ஏதோ தகர டப்பா ரூம்ல நிக்கிற மாதிரி இருக்கு. உங்க அண்ணி ஒரே வார்த்தைக்குள்ள மூணு ரூமுக்கு ஓடிட்டு வர்றாங்க."

உண்மைதான். நான்கு வருடங்களுக்கு முன் பதிவு மூன்று நாள், மூன்று அறைகளில் நடந்தது. கடைசி நாள் உதிரி பாகங்கள் வைக்கும் அறை. அது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

மனம் சோர்ந்து அன்று கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று அழுத்தினான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் நாற்காலியில் உட்காருவதற்குள் உள்தொலைபேசி அடித்தது.

"தம்பி, றடின்னா என்ன?" இயக்குநரின் குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா?"

"காலைல இருந்து பதினோரு ஃபோன். 'அடுத்த நிறுத்தம், றடிச் சாலை'ன்னு வண்டியில சொல்லுதாம். ஒருத்தர், பேரை மாத்திட்டீங்களா, என் முகவரியையும் மாத்தணுமான்னு கேக்குறாரு. இன்னொரு அம்மா, றகரத்துல தமிழ்ச் சொல்லே தொடங்காதுன்னு அரை மணி நேரம் எனக்கு இலக்கணப் பாடம் எடுத்தாங்க."

அவன் அவசரமாகக் கணினியைத் திறந்து பார்த்தான். "நூ"வைப் பிரதி எடுக்காமல் வெட்டி எடுத்திருந்தான். வெட்டிய கோப்பை அப்படியே பழைய பெயரில் சேமித்துவிட்டான். அது பேருந்துகளுக்குப் போகும் பொதுக் கோப்புறை. பணிமனைக்கு வண்டிகள் திரும்பியதும் பெட்டிகள் தாமாகவே புதிய கோப்புகளை இழுத்துக்கொள்ளும். இருபத்தாறு வண்டிகளும் விசுவாசமாக அந்தத் தலையில்லாத சாலையை இழுத்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பிவிட்டன.

நல்லவேளையாக, நான்கு வருடங்களுக்கு முன் பதிவான முழு மூலமும் ஒரு குறுந்தகட்டில் தனியாக இருந்தது. அதிலிருந்து அந்த நிறுத்தத்தை மறுபடி வெட்டி எடுத்துப் பொதுக் கோப்புறையில் போட்டு, மதியத்துக்குள் வண்டிகளுக்கு அனுப்பினான். பிறகு தன் வேலைக்கென்று தனிக் கோப்புறை ஒன்றைத் திறந்து, எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்தான். அதற்குள் செய்தி மேலாளர் அறை வரை போயிருந்தது. அவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்னப்பா றடி, வேலை எப்படிப் போகுது?"

மாலைக்குள் அந்தப் பெயர் பணிமனை முழுக்கப் பரவிவிட்டது.

அரைநாள் வேலை முடிந்து, கணினியோடு அண்ணன் வீட்டுக்குப் போனான். வாசலில் அண்ணன் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நிமிஷம் நின்று பார்த்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணன், ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். அண்ணி வாய் மூடியதிலிருந்து கதவைத் தட்டுகிறவர்கள், தொலைபேசி, பக்கத்து வீடு எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தன. மூன்றாம் நாளில் அவருக்கு ருசி கண்டுவிட்டது. பால்காரரிடம் மாட்டுத் தீவனத்தின் தரம் வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அண்ணி சமையலறையில் இருந்தாள். கழுத்தில் ஒரு நூலில் பேனாவும், இடுப்பில் சின்னத் தாள் கட்டும் தொங்கின. பழைய கால அட்டவணைகளின் பின்பக்கம். அவன்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவனைக் கண்டதும் எழுதிக் காட்டினாள்.

'றடி வந்தாச்சா?'

"உங்களுக்கு யாரு சொன்னது?"

வாசல் பக்கம் கையைக் காட்டி, விரல்களை வாய் போல் திறந்து திறந்து மூடினாள். அண்ணன்தான்.

அவன் சமையலறை வாசற்படியிலேயே நின்று நடந்ததையெல்லாம் சொன்னான். பூட்ஸ் போட்ட க, செருப்பைக் கழற்றிய க, மூன்று அறைகள். அண்ணி தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அடுப்பிலிருந்த சூப்பைக் கிளறிவிட்டாள். தாளை எடுத்து எழுதினாள்.

'பத்து நாள் கழிச்சும் வரலைன்னா ஆபரேஷன்னு சொன்னாரு. அப்புறமும் பழைய குரல் வரும்னு உறுதி இல்லையாம்.'

அவன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தான். அவள் இன்னும் ஒரு வரி எழுதினாள்.

'வரலைன்னா இந்த வெட்டி ஒட்டுறதை வச்சே ஓட்டிடுவியா?'

புகார்ப் பிரிவில் நாள் முழுக்க ஊரார் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு பதில் சொல்லிச் சொல்லித்தான் அந்தத் தொண்டை இப்படி ஆனது என்பது அவனுக்குத் தெரியும். ஆறுதல் சொல்லப் பழகாதவன். வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"மொத்தம் நாற்பத்தோரு நிறுத்தம்தான், அண்ணி, என் கையில இருக்கு. நீங்க அண்ணனை ஒரு நாளைக்குத் திட்டுறதுக்கே அது பத்தாது. வந்துடும், வந்துதான் ஆகணும்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குள் அடுப்பில் சூப் பொங்கத் தொடங்கியது. அவள் கரித்துணி எடுக்க வேண்டும். துணி கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. கதவை மறைத்துக்கொண்டு இவன் நின்றான். அண்ணி கையை வீசினாள். அவன் "என்ன?" என்றான். மறுபடி வீசினாள். "காத்து வேணுமா? ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றான். சூப் வழிந்து அடுப்பில் சீறியது. அண்ணி தாளைக் கிழித்து, அதில் பெரிய எழுத்தில் ஒரே சொல்லை எழுதி அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

'விலகு!'

அவன் விலகவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி அவனை இடித்துத் தள்ளிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அண்ணி! கதவு!" என்று கத்தினான். "கதவருகே நிற்பவர்கள் சற்று விலக வேண்டுகிறோம்! விலக! லக! வி-லக!"

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு மூடும்போது அந்த வரியை அவள் சொல்லுவாள். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் முறை ஊர் முழுக்க ஒலிப்பதாலேயே யார் காதிலும் விழாத வரி. அதில் "லக" அப்படியே முழுசாக இருந்தது, செருப்பைக் கழற்றிய க. அதற்கு அடுத்த எழுத்தும் வகரம்தான். "விலக வேண்டுகிறோம்", "நூலக வாசல்". ஒட்டுப்போடும் இடத்தில் உதடு ஏற்கனவே வ சொல்லத் தயாராகக் குவிந்திருக்கும்.

அண்ணி கரண்டியோடு திரும்பி நின்றாள். புரிந்ததும் அவள் வாய் திறந்தது. சத்தமாக ஏதோ சொல்லப் போனவள், கடைசி நொடியில் கரண்டியாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். உதட்டில் சூப் சுட்டது.

சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். "விலக வேண்டுகிறோம்" திரையில் விரிந்தது. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கம்பளிப்பூச்சி மறைந்து, நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒற்றை அலையாகிவிடும். வெட்டும் இடம் அலை உச்சியில் இருந்தால் ஒட்டும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டினால் வராது. வெள்ளிக்கிழமை அவன் கேட்ட விக்கலில் பாதி இதுதான். இதை ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் அவன் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தான். அண்ணி கேட்டுக்கொண்டே வந்து, சரியில்லை என்றால் மேஜையை ஒரு தட்டு, சரியென்றால் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டுகளே மிகுதி.

அறைச் சத்தங்கள் தனிக் கதை. முதலில் இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்டுபிடித்து, முழு வேகத்தில் திருகினான். ஏசி போனது, கூடவே அண்ணியும் போனாள். மிச்சம் இருந்தது குளத்துக்கு அடியிலிருந்து பேசும் யாரோ ஒருத்தி.

'நான் என்ன மீனா?' என்று எழுதினாள் அண்ணி.

அதை ரத்து செய்தான். கொஞ்சமாக நீக்கிப் பார்த்தான், மறுபடி ரத்து செய்தான். கடைசியில் எதிர்த் திசையில் யோசித்தான். சத்தத்தை எடுப்பதற்குப் பதில், ஒரே சத்தத்தை எல்லாவற்றுக்கும் அடியில் விரித்தால் என்ன? முதல் நாள் பதிவில் அண்ணி பேசாமல் சும்மா நின்ற நான்கு நொடி இருந்தது. வெறும் ஏசி. அதைப் பிரதி எடுத்து இன்னொரு தடத்தில், முழு அறிவிப்புக்கும் கீழே படுக்கை விரித்ததுபோல் போட்டான். "லக"வை ஒரு சிட்டிகை உயர்த்தி, "வாசலை" ஒரு சிட்டிகை தாழ்த்தினான். ஓடவிட்டான்.

"அடுத்த நிறுத்தம், நூலக வாசல்."

அண்ணி மேஜையைத் தட்டவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தான் ஒருபோதும் சொல்லாத ஒன்றைத் தன் குரல் சொல்லக் கேட்பது எப்படியிருக்கும் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளறையிலிருந்து அண்ணன் பதறி ஓடிவந்தார்.

"பேசாதேன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ஒரு மூணு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அண்ணி மேஜையைத் தட்டத் தொடங்கினாள். இரண்டு, நான்கு, எட்டு.

ஆனாலும் இயக்குநரின் காது பாக்கி இருந்தது. நிமிஷம் தொலைபேசியிலேயே போட்டுக் காட்டுவதாகச் சொன்னான். "ஃபோன்ல எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேர்ல கொண்டுவா" என்றுவிட்டார். பிற்பகல் மூன்று பேருமாகப் போனார்கள். அவர் வீடு ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளம். அவருடைய இரட்டைப் பெண்கள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் "சும்மா இருங்கடி" என்று அடக்கிவிட்டு, இயக்குநர் கேட்டார். மறுபடி கேட்டார்.

"இப்ப ஒரே ஆளு, ஒரே ரூம்" என்றார். நிமிஷத்துக்கு உயிர் வந்தது. "ஆனா செத்துப் போன ஆளு."

"அக்கா!"

"மூச்சு எங்க? மத்த நிறுத்தத்துல எல்லாம் 'அடுத்த நிறுத்தம்'னு சொல்லிட்டு, ஒரு குட்டி மூச்சு இழுத்துட்டுத்தான் பேரைச் சொல்வாங்க. அந்த மூச்சு வந்தாத்தான் நான் காதைத் தீட்டிக்குவேன், பேரு வரப்போகுதுன்னு. நீ அதைத் துடைச்சு வச்சிருக்க."

அவன்தான் துடைத்தான். தேவையில்லாத சத்தம் என்று நினைத்து, பெருமையோடு. அங்கேயே, இரட்டையர்கள் இரண்டு தோளிலும் தொங்கிக்கொண்டிருக்க, ஆலை வாசலிலிருந்து ஒரு மூச்சைப் பிரதி எடுத்து நடுவில் வைத்தான். பதினெட்டு வினாடிகூட ஆகவில்லை.

இயக்குநர் கேட்டார். சிரித்தார். "இறங்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை முதல் வண்டியில் நிமிஷம் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றான். அண்ணியும் அண்ணனும் நடு இருக்கையில். இயக்குநர் கதவோரம், வழக்கமான தன் இடத்தில். மேலாளரும் ஏறியிருந்தார், தற்செயலாக ஏறியதுபோல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு. நூறடிச் சாலை தன் தலையோடு வந்து போனது. பெரிய பாலம் வந்தது, கடைத்தெரு வந்தது. வண்டி திருப்பத்தில் சாய்ந்தது. நிமிஷம் கம்பியை இறுகப் பிடித்தான். கணினியில் சரியாக இருந்தது பேருந்துப் பெட்டியில் எப்படி இருக்குமோ? எந்தக் கோப்பை எதில் சேமித்தோமோ? தலையா, வாலா, எதை விட்டுவிட்டோமோ?

"அடுத்த நிறுத்தம்," என்றாள் அண்ணி, மேலேயிருந்து. ஒரு குட்டி மூச்சு. "நூலக வாசல்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மாணவர்கள் எழுந்து கதவை நோக்கி நடந்தார்கள். அவன் நான்கு நாளாகப் பட்ட பாட்டில் ஒரு துளியும் யாருக்கும் தெரியவில்லை. அவன் கண்கள் ஏனோ ஈரமாயின. கடைசி இருக்கை வரை ஒரே சாதாரணம்.

இயக்குநர் யாரையும் கேட்காமல் எழுந்தார். கோலை விரித்து, படியிறங்கி, நடைபாதையில் கால் வைத்தார். ஒரு நொடி நின்று, முகத்தை நூலகத்தின் பக்கம் திருப்பினார். பிறகு நேரே படிகளை நோக்கி நடந்தார். கதவு மூடும்போது அண்ணி எல்லோரையும் சற்று விலக வேண்டிக்கொண்டாள். நடு இருக்கையிலிருந்த அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் பக்கத்து இருக்கைக்காரரிடம் மேலே கையைக் காட்டி, "இது என் வீட்டுக்காரி" என்று விளக்கத் தொடங்கியிருந்தார். மேலாளர் செய்தித்தாளை மடித்தார்.

"றடி, அடுத்த மாசம் இன்னும் ஏழு நிறுத்தம் வருது. பாத்துக்க" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றான் நிமிஷம். அதற்குள் ஆலை வாசல் வந்து அவர் இறங்கிவிட்டிருந்தார்.

பதினோராம் நாள் மருத்துவமனையில் மூன்று பேரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். முடிச்சுகள் நன்றாகச் சுருங்கியிருக்கின்றன, அறுவை சிகிச்சை தேவைப்படாது என்றார். அண்ணன் நீண்ட பெருமூச்சு விட்டார். இனி நாள் முழுக்கப் பேசும் வேலை கூடாது, புகார்களை எழுத்தில் வாங்கட்டும் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

"எங்க, ஒரு வாக்கியம் பேசுங்கம்மா. மெதுவா. எதுவா இருந்தாலும் சரி."

மூன்று ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். அண்ணி எச்சில் விழுங்கினாள். மருத்துவரின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். தொடக்கத்தில் கொஞ்சம் கரகரத்து, பிறகு தெளிந்து, அந்தக் குரல் வந்தது.

"டாக்டர், உங்க கடிகாரம் நாலு நிமிஷம் மெதுவா போகுது. போன தடவையே சொல்லியிருப்பேன்; நீங்கதான் பேச விடல."

நிமிஷம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரியாக நான்கு நிமிடம். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தைக் கழற்ற மேலே ஏறினார்.